பாட்டை எப்போது போடுவீர்கள்?

கல்லூரி வானொலியில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் மீது நேயர்களுக்குள்ள புகார் ஒன்றே ஒன்றுதான்: பாட்டைப் போடுவதில்லை. போடுவார்கள், ஆனால் உடனே போடுவதில்லை. மூன்று நிமிடப் பாட்டுக்கு முன்னால், அது எந்தத் தேதியில், எந்த ஊரில், எந்தக் கம்பெனிக்காகப் பதிவானது, டிரம்ஸ் வாசித்தவர் அன்று யாருக்குப் பதிலாக வந்தார், அந்த யார் ஏன் வரவில்லை, வராதவர் பிற்காலத்தில் இதைப் பற்றி என்ன சொன்னார் என்பதெல்லாம் வரும். பிறகு பாட்டு வரும். அது முடிந்ததும் 'இப்போது நீங்கள் கேட்டது' என்று மறுபடி தேதியிலிருந்து தொடங்கும். இவர்களுக்காகப் பரிந்து பேச எளிய வழி ஒன்று உண்டு: ஏதோ கிறுக்கு, சம்பளமும் இல்லை, பாவம், விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிடலாம். எனக்கு அந்தக் கருணை மனுவில் கையெழுத்துப் போட விருப்பமில்லை. ஜாஸ் நிகழ்ச்சியில் பேச்சுதான் சரக்கு, பாட்டு அதற்குச் சாட்சி என்பது என் கட்சி. அந்தச் சரக்கு கல்லூரி வானொலியைத் தவிர வேறெங்கும் விலைபோகாது என்பதையும் சேர்த்தே வாதாட வேண்டியிருக்கிறது. வழக்கு கொஞ்சம் சிக்கலானது. என் முதல் சாட்சியைக் கூண்டில் ஏற்றினால் எதிர்க்கட்சிக்காரர்களே எழுந்து நின்று கைதட்டுவார்கள்.

அந்தச் சாட்சி ஃபில் ஷாப். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் வானொலி டபிள்யூ.கே.சி.ஆர்., பண்பலை 89.9. 1970இல் மாணவராக அங்கே மைக் முன்னால் உட்கார்ந்த ஷாப், 2021 செப்டம்பரில் காலமாகும்வரை எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம். 1981 முதல் வாரநாள் காலைகளில் 'பேர்ட் ஃப்ளைட்' என்ற நிகழ்ச்சியை நடத்தினார். அது முழுக்க முழுக்க ஒரே ஒருவரைப் பற்றியது: ஆல்டோ சாக்சஃபோன் கலைஞர் சார்லி பார்க்கர். பார்க்கர் இந்த உலகத்தில் இருந்ததே 34 வருடம். அவரைப் பற்றிய நிகழ்ச்சி ஏறக்குறைய 40 வருடம் நடந்தது. ஒரு மனிதர் வாழ்ந்ததைவிட அதிக காலம் அவரைப் பற்றிப் பேச முடியும் என்பதை இதற்குமுன் மதங்கள்தான் நிரூபித்திருந்தன. ஷாப்பை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை, வளர்ப்பு அப்படி. சிறுவயதில் அவரைப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் கவுன்ட் பேசி இசைக்குழுவின் டிரம்ஸ் மேதை ஜோ ஜோன்ஸ். அப்பா வால்ட்டர் ஷாப் ஜாஸ் வரலாற்று ஆர்வலர். 1930களில் பாரிஸ் போய் அங்கிருந்த ஜாஸ் ஆய்வாளர்களோடு சேர்ந்து வேலை செய்தவர். அந்தப் பாரிஸ் கோஷ்டியில் ஒருவரான சார்ல் டெலோனேதான், எந்தப் பதிவில் யார் வாசித்தார்கள் என்று தட்டு தட்டாகப் பட்டியல் போட்டு 1936இல் புத்தகமாக வெளியிட்டவர். ஒலித்தட்டுகளுக்கு ஜாதகம் கணிக்கும் அந்தக் கலை ஜாஸ் பித்தர்களால்தான் வளர்ந்தது. அந்த வீட்டுப் பிள்ளை பாட்டை மட்டும் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். அமெரிக்கப் பண்பலை வரிசையில் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையிலான கீழ்ப்பகுதி வணிக நோக்கமில்லாத நிலையங்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. கல்லூரி வானொலிகள் பெரும்பாலும் அந்தக் குடியிருப்பில்தான் இருக்கின்றன. அங்கே விளம்பரம் கூடாது. பணம் கொடுத்த கடைக்காரருக்கு நன்றி சொல்லலாம், ஆனால் அந்த நன்றிக்கும் இலக்கணம் உண்டு: கடை இன்ன தெருவில் இருக்கிறது என்று சொல்லலாம், நல்ல கடை என்று சொல்லக் கூடாது, இன்ன பொருள் கிடைக்கும் என்று சொல்லலாம், என்ன விலை என்று சொல்லக் கூடாது, போய் வாங்குங்கள் என்று மட்டும் சொல்லவே கூடாது. உலகத்திலேயே மிக அடக்கமான விற்பனைப் பேச்சு அதுதான். இது தவிர, மணிக்கு ஒருமுறை நிலையத்தின் பெயரையும் ஊரையும் அறிவிக்க வேண்டும், அது கட்டாயம். மற்றபடி பேசுவதெல்லாம் அவரவர் பாவ புண்ணியக் கணக்கு. வருமானத்துக்கு வேறு வழி தேட வேண்டியதுதான். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் வானொலி ஒருகாலத்தில் டபிள்யூ.டி.பி.எஸ். என்ற அழைப்பெழுத்துகளை வைத்திருந்தது. தொலைக்காட்சி அதிபர் டெட் டர்னருக்குத் தன் கம்பெனியின் பெயருக்குப் பொருத்தமாக அந்த எழுத்துகள் தேவைப்பட்டன. 1979இல் 50,000 டாலரை நன்கொடையாகப் பெற்றுக்கொண்டு மாணவர்கள் அவற்றை விட்டுக்கொடுத்தார்கள். விளம்பரத்தை விற்க முடியாதவர்கள் பெயரை விற்றார்கள். புதிதாக வைத்துக்கொண்ட டபிள்யூ.எம்.பி.ஆர். என்ற பெயருக்கு, வாக்கர் நினைவுக் கட்டடத்தின் நிலவறை வானொலி என்று விரிவு. இப்படி நிலவறையில் உட்கார்ந்திருப்பதை ஒளிக்காமல் பெயரிலேயே போட்டுக்கொள்ளும் துணிவு, கேட்பவர் எத்தனை பேர் என்று கவலைப்படாதவர்களுக்குத்தான் வரும்.

நம் பக்கத்தில் 2004இல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம். இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி. நம் நாட்டில் சமுதாய வானொலி என்றாலே பேச்சுக்கு முதலிடம் கொடுக்கும் வானொலி என்பதுதான் நடைமுறை. உழவு, உடல்நலம், கல்வி என்று உள்ளூர் மக்களுக்கு உதவும் பேச்சு. ஆகவே கல்லூரி வானொலியில் ஒருவர் நிறைய பேசுகிறார் என்பது தமிழ் நேயருக்கு அதிர்ச்சி தரும் செய்தியாக இருக்காது. எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதில்தான் கொஞ்சம் தலைசுற்றும்.

கொலம்பியா நிலையத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு. பண்பலை ஒலிபரப்பைக் கண்டுபிடித்து 1933இல் காப்புரிமை வாங்கிய எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் அந்தப் பல்கலைக்கழகத்துக்காரர்தான். வானொலியில் இரைச்சல் என்ற ஒன்றே இருக்கக் கூடாது என்பதற்காக அந்த மனிதர் வாழ்நாளைச் செலவழித்தார். அதே வளாகத்தில், அதே தொழில்நுட்பத்தில், 78 சுழற்சித் தட்டுகளின் கரகரப்பை ஒரு துளியும் சிந்தாமல் நகரம் முழுவதற்கும் கொண்டுசேர்க்கிறார்கள். போதாக்குறைக்கு ஆகஸ்ட் 27 சாக்சஃபோன்காரர் லெஸ்டர் யங் பிறந்தநாள், 29 பார்க்கர் பிறந்தநாள் என்பதால் நடுவிலுள்ள நாளையும் சேர்த்துக்கொண்டு 72 மணி நேரம் இந்த இருவரையே ஒலிபரப்புவது அங்கே மரபு. ஜூலை 4 எக்காளக்காரர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு. அவர் தன் பிறந்தநாள் அதுதான் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார்; அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்த ஞானஸ்நானப் பதிவேடு 1901 ஆகஸ்ட் 4 என்கிறது. மற்றவர்களுக்கு இது ஒரு திருத்தம். ஜாஸ் அறிவிப்பாளருக்கு இது ஒரு முழு முற்பகல்.

இப்போது முக்கியமான ஆட்சேபம். இசை தனக்காகத் தானே பேசாதா, எதற்கு இந்த உரையாசிரியர்? நியாயமான கேள்வி, அதற்கு ஒரு தட்டை வைத்தே பதில் சொல்கிறேன். 1945 நவம்பர் 26 அன்று நியூயார்க்கில் சவாய் கம்பெனிக்காகப் பார்க்கர் குழு பதிவுசெய்த 'கோ-கோ'. மூன்று நிமிடத்துக்கும் குறைவு. முதல்முறை கேட்பவருக்கு யாரோ அவசரமாக எங்கோ ஓடுவதாகத் தோன்றும். இப்போது கொஞ்சம் பேசுவோம். அதன் அடியில் ஓடுவது ரே நோபிள் எழுதிய 'செரோக்கீ' என்ற பிரபலப் பாட்டின் சுர அடுக்கு. அமெரிக்கச் சட்டப்படி மெட்டுக்கு உரிமைத்தொகை உண்டு, அடியிலிருக்கும் அடுக்கு யாருடைய சொத்தும் அல்ல. ஆகவே பழைய பாட்டின் மெட்டை மட்டும் கழற்றி வீசிவிட்டு அடித்தளத்தின்மேல் புதிதாக எழுப்பிக்கொள்வது அந்தத் தலைமுறையின் கலைவித்தை, கூடவே சிக்கன நடவடிக்கை. அன்றைய முதல் முயற்சியும் தட்டில் பிழைத்திருக்கிறது. முன்னுரை முடிந்ததும் ஆட்கள் பழக்கதோஷத்தில் அசல் 'செரோக்கீ' மெட்டுக்குள் நுழைகிறார்கள், உடனே நிறுத்தப்படுகிறார்கள். பணம் கொடுக்க வேண்டிவருமே என்ற பயம்தான் காரணம் என்பார்கள். அடுத்த முயற்சியில் மெட்டை விட்டுவிட்டு முன்னுரையிலிருந்து நேராகத் தனிவாசிப்புக்குத் தாவிவிடுகிறார் பார்க்கர். அந்தத் தாவலில்தான் நவீன ஜாஸ் பிறந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் அதன் பிறப்புச் சான்றிதழில் கணக்குப்பிள்ளையின் கையெழுத்தும் இருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு மறுபடி கேட்டால், அவசர ஓட்டம் போய், இல்லாத ஒரு மெட்டைச் சுற்றிச் சுற்றி வரும் ஒரு விளையாட்டு காதில் விழ ஆரம்பிக்கும். தட்டில் ஒரு சுரமும் மாறவில்லை. மாறியது கேட்பவர், மாற்றியது பேச்சு.

அதே தட்டில் இன்னும் இருக்கிறது. அன்று அங்கிருந்த எக்காள வாசிப்பாளர் மைல்ஸ் டேவிஸுக்கு வயது 19. அந்த முன்னுரையின் வேகத்துக்கு அவர் துணியவில்லை. டிஸ்ஸி கில்லெஸ்பி எக்காளத்தை எடுத்துக்கொண்டார். பியானோவிலும் அவர் உட்கார்ந்தார். உறையில் பியானோக்காரர் பெயர் ஹென் கேட்ஸ் என்று அச்சானது. அப்படி ஒருவர் அந்த அறையில் இல்லை. இருந்த இன்னொரு பியானோக்காரர் சாதிக் ஹகீம். எந்தப் பாட்டில், எந்த இடத்தில், யாருடைய விரல் என்று தீர்ப்பதற்குள் ஷாப் போன்றவர்களுக்குப் பல காலைகள் கழிந்துவிடும். எதிர்க்கட்சிக்காரர் இங்கே கொட்டாவி விடுவார் என்பது தெரியும். ஆனால் ஓர் ஆள் எக்காளத்தை வைத்துவிட்டுப் பியானோவுக்கு ஓடிப்போய் உட்கார எத்தனை விநாடி இருந்தது என்று காது கணக்குப் போட ஆரம்பித்த பிறகு, அந்தப் பாட்டைப் பின்னணியில் ஓடவிட்டுப் பாத்திரம் கழுவ முடியாது. இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள்: வணிக வானொலியில் மணிக்கணக்கில் கார் இன்சூரன்ஸையும் மெத்தைத் தள்ளுபடியையும் முணுமுணுக்காமல் கேட்கிறவர்தான், கல்லூரி வானொலியில் நான்கு நிமிடம் சாதிக் ஹகீமைப் பற்றிச் சொன்னதும் 'பேச்சு அதிகம்' என்று முகம் சுளிக்கிறார். அவருக்கு ஒவ்வாதது பேச்சின் நீளமல்ல, அதற்கு விலைப்பட்டியல் இல்லாதது.

சிரிப்பை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேச வேண்டிய தட்டும் ஒன்று உண்டு. 1946 ஜூலை 29, லாஸ் ஏஞ்சலிஸ், டயல் கம்பெனி. பார்க்கர் 'லவர் மேன்' வாசிக்கிறார். தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்கவில்லை. பியானோ முன்னுரை முடிந்தும் ஒரு கணம் வெற்றிடம், பிறகுதான் சாக்சஃபோன் வருகிறது, அதுவும் தடுமாறிக்கொண்டு. எதுவும் தெரியாதவர் சுமாரான வாசிப்பு என்று நகர்ந்துவிடுவார். அன்று பார்க்கர் போதைமருந்து கிடைக்காமல் உடல் நடுங்க, குடித்துவிட்டு, நிற்கவே முடியாமல் நின்றிருந்தார். அன்றிரவு விடுதியில் உடையில்லாமல் கூடத்துக்கு வந்தார், அவர் அறையில் தீப்பிடித்தது, கைதானார், ஆறு மாதம் கமரில்லோ அரசு மனநல மருத்துவமனையில் இருந்தார். அந்தப் பதிவை வெளியிட்டதற்காகத் தயாரிப்பாளர் ராஸ் ரஸ்ஸல் மீது அவருக்குத் தீராத கோபம். குணமாகி வந்து 1947 பிப்ரவரியில் பதிவுசெய்த துள்ளலான பாட்டுக்கு 'ரிலாக்ஸின் அட் கமரில்லோ' என்று பெயர் விழுந்தது. இரண்டு தட்டையும் அடுத்தடுத்துப் போட்டு, நடுவில் ஒரு வார்த்தையும் பேசாத அறிவிப்பாளர் நேயரை மதிக்கிறார் என்று சிலர் சொல்லலாம். நான் அவரைச் சோம்பேறி என்பேன்.

சரி, கதை சொல்லட்டும், தட்டு எண் எதற்கு? இந்த ஆட்சேபத்துக்குத்தான் கூட்டத்தில் அதிகக் கைதட்டல் கிடைக்கும். தட்டின் நடுவில், பாட்டு முடிந்தபின் வரும் வெற்றுப் பகுதியில் பொறித்திருக்கும் எண்ணை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கும் அறிவிப்பாளர்கள் உண்டு. கேட்பவர் ரயில்வே அட்டவணைக்குள் வழிதவறி வந்துவிட்டோமோ என்று திகைப்பார். ஆனால் அந்த எண்ணின் கடைசியில் இருக்கும் எழுத்துதான் இது முதல் டேக்கா, மூன்றாவது டேக்கா என்று சொல்லும். சினிமாப் பாட்டுக்கு அது அவசியமில்லை. எத்தனை டேக் எடுத்தாலும் வெளியே வந்த ஒன்றுதான் பாட்டு. ஜாஸில் மெட்டு ஒரு சாக்கு, ஒவ்வொரு டேக்கிலும் தனிவாசிப்பு வேறு. டயல் கம்பெனி ஒரே பாட்டின் பல டேக்குகளை அதே பெயரில் வெளியிட்டதால், எண்ணைச் சொல்லாவிட்டால் எந்த இசையைக் கேட்டோம் என்றே சொல்லவில்லை என்றாகிவிடும். கச்சேரி ஒலிநாடா சேர்க்கும் நம் ரசிகர்களிடம் இதை விளக்கவே தேவையில்லை. ஒரே வித்வான், ஒரே ராகம், ஒரே கீர்த்தனை. எந்தச் சபா, எந்த வருடம், பக்கவாத்தியம் யார் என்று கேட்காமல் அவர்கள் நாடாவைக் கையில்கூட வாங்க மாட்டார்கள். அவர்களை யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை. வீட்டில் சொல்வார்கள், வெளியில் சொல்வதில்லை.

பைத்தியம் என்று வந்துவிட்டதால் டீன் பெனடெட்டியைச் சொல்லாமல் போக முடியாது. அவரும் சாக்சஃபோன்காரர்தான். 1947, 48இல் பார்க்கர் வாசித்த விடுதிகளுக்குக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வாசிப்பைப் பதிவுசெய்தார். பார்க்கர் வாசிப்பை மட்டும். மற்றவர்கள் வாசிக்கத் தொடங்கியதும் கருவியை நிறுத்திவிடுவார்; பார்க்கர் மறுபடி வாயில் வைத்ததும் முடுக்குவார். சுற்றியிருந்த நல்ல கலைஞர்களின் வாசிப்பெல்லாம் காற்றோடு போயிற்று, மிஞ்சியது ஏழு மணி நேரத்துக்கும் மேலான துண்டு துண்டான பார்க்கர். பல ஆண்டுகள் எங்கே போயின என்று தெரியாமல் கிடந்த அந்தப் பதிவுகள் 1990இல் மொசைக் கம்பெனியின் வெளியீடாக வந்தன. தட்டும் நாடாவுமாகக் கிடந்த துண்டுகளை வரிசைப்படுத்தி, எது எந்த இரவு, எந்த விடுதி, எந்தப் பாட்டின் எந்த இடம் என்று பிரித்து ஒழுங்குசெய்ததில் பெரும்பங்கு ஃபில் ஷாப்புக்கு. இருபது நொடித் துண்டைக் கேட்டு அதன் பூர்வீகத்தைச் சொல்ல, வருடக்கணக்காக இந்த ஒருவரைப் பற்றியே காலையில் உட்கார்ந்து பேசிய ஆள்தான் வேண்டியிருந்தது.

இங்கே எதிர்க்கட்சி தன் பலமான சாட்சியை அழைக்கும்: வில்லிஸ் கானோவர். வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் 1955 முதல் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தியவர். சிற்றலையில் இரும்புத்திரைக்கு அப்பால் எத்தனையோ பேருக்கு ஜாஸைக் கொண்டுபோனவர். ஆழமான குரல், நிதானமான உச்சரிப்பு, இரண்டே வாக்கியம், உடனே பாட்டு. அந்த வானொலி உள்நாட்டில் ஒலிபரப்பக் கூடாது என்று சட்டம் இருந்ததால் சொந்த நாட்டில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. சுருக்கமாகப் பேசி ஒருவர் இவ்வளவு சாதித்திருக்கும்போது ஷாப்பின் பிரசங்கம் எதற்கு? கானோவரைப் பற்றிச் சொல்வதெல்லாம் உண்மை, அவரைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அவருடைய நேயர் யார் என்று பாருங்கள். ஆங்கிலம் பிறமொழி, கடையில் அந்தத் தட்டு கிடைக்காது, சிற்றலையின் அலைச்சலில் பாதி சொல் காதில் விழாது. பாட்டு கையில் கிடைப்பதே அவருக்குப் பெரிய விஷயம், கிடைத்ததை நூறு முறை மனதில் ஓட்டிப் பார்த்துத் தானே உரை எழுதிக்கொள்வார். இன்று கைப்பேசிக்குள் பார்க்கர் வாசித்த அத்தனையும் இருக்கிறது. பாட்டுக்குப் பஞ்சமில்லை, நின்று கேட்கத்தான் ஆளில்லை. கானோவர் பாட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது செய்ய வேண்டியது கேட்பவரின் சட்டையைப் பிடித்து நிறுத்துவது, அது இரண்டு வாக்கியத்தில் முடியாது.

தகவல் எல்லாம் இணையத்தில் இருக்கிறதே என்பார் இன்னொருவர். இருக்கிறது, கேட்டால் சொல்லும். ஹென் கேட்ஸ் என்று ஒருவர் இருந்தாரா என்று கேட்க வேண்டும் என்பது தோன்றினால்தானே கேட்பீர்கள்? பாட்டுச் செயலிகளைப் பொறுத்தவரை அவை தேதியில் படு தாராளம். 1945இல் பதிவான இசைக்கு நேற்று மறுவெளியீடு கண்ட வருடத்தைப் போட்டுவிடும், தலைவர் பெயரைப் போட்டுவிட்டு மற்ற நால்வரைக் கூண்டோடு விழுங்கிவிடும். பார்க்கர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகும் மும்முரமாகப் புதுத் தட்டு போட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவற்றைப் பார்த்து ஒருவர் நம்பினால் குற்றம் சொல்ல முடியாது.

ஷாப் மேதை, ஆனால் பெரும்பாலான கல்லூரி ஜாஸ் அறிவிப்பாளர்கள் இருபது வயதுப் பிள்ளைகள், உறையைப் பார்த்துப் படிக்கிறார்கள், பெயர்களைக் கடித்துத் துப்புகிறார்கள் என்ற ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. விடிகாலை மூன்று மணி நிகழ்ச்சி மேதைகளுக்கு ஒதுக்கப்படுவதில்லை. ஆனால் 1970இல் ஷாப்புக்கும் வயது இருபது நிரம்பவில்லை. பிறகு 1973 வாக்கில், பல்கலைக்கழகத்துக்கு எதிர்ச்சாரியில் இருந்த 'வெஸ்ட் எண்ட்' மதுவிடுதியில் பேசி இசைக்குழுவின் பழைய கலைஞர்கள் வாசிக்க ஏற்பாடு செய்தார். சந்தேகம் வந்தால் தெருவைக் கடந்து போய் வாசித்தவரையே கேட்டுவிடலாம் என்ற நிலைமையைத் தானே உருவாக்கிக்கொண்டார். தப்பாகப் பேசி, திருத்தப்பட்டு, திருத்தியதையும் அடுத்த வாரம் பேசுவதற்கு அனுமதிக்கிற இடம் தேவை. வணிக நிலையத்தில் அந்தப் பையனை இரண்டாவது வாரம் விளம்பரப் பிரிவுக்கு மாற்றியிருப்பார்கள். பேசுகிறவர்களில் சலிப்பூட்டுகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. தன் சேகரிப்பைத் தம்பட்டம் அடிப்பவர், கலைஞரின் கடன்களையும் காதலிகளையும் எண்ணிக்கொண்டிருப்பவர், இவர்களை நான் காப்பாற்றப் போவதில்லை. பேச்சு முடிந்தபின் பாட்டில் புதிதாக ஏதாவது காதில் விழுகிறதா என்பது ஒன்றே நான் வைக்கும் பரீட்சை. ஷாப்பின் பேச்சிலேயே பாதி இதில் தேறாது என்று எதிர்க்கட்சி சொன்னால், கால்வாசி என்று பேரம் பேசுவேன்.

தேறிய பகுதி எவ்வளவு பெறும் என்பதற்குக் கடைசியாக ஒரு சாட்சி. 1956 ஜூலை 7, நியூபோர்ட் ஜாஸ் விழா. டியூக் எலிங்டன் குழுவுக்கு மவுசு குறைந்திருந்த நேரம். அன்றிரவு டெனர் சாக்சஃபோன்காரர் பால் கான்சால்வஸ் எழுந்து நின்று ஒரே மூச்சாக 27 சுற்றுத் தனிவாசிப்பு வாசித்தார். கூட்டம் நாற்காலியை விட்டு எழுந்து ஆடியது, எலிங்டனுக்கு மறுவாழ்வு கிடைத்தது. இதில் ஒரே ஒரு சிறு பிழை, மனிதர் வாசித்தது வேறு மைக்கில். மேடையில் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியின் மைக்கும் இருந்தது, வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் மைக்கும் இருந்தது. கான்சால்வஸ் வானொலிக்காரர்களின் மைக்கைப் பார்த்து ஊதிவிட்டார். கம்பெனித் தட்டில் வரலாற்றுச் சிறப்புமிக்க அந்த வாசிப்பு பக்கத்து வீட்டிலிருந்து வருவது போல் தேய்ந்து ஒலித்தது. விழாவில் வாசித்த வேறு சில பகுதிகளை ஸ்டூடியோவில் மறுபடி வாசித்து, கைதட்டலை ஒட்டுப்போட்டு, நேரடிப் பதிவு என்று வெளியிட்டார்கள். நாற்பது வருடம் உலகம் அதைத்தான் கேட்டது. பிறகு வானொலியின் நாடா கிடைத்தது. ஒரே இரவின் ஒரே வாசிப்பு, இரண்டு மைக், இரண்டு ஒற்றைத்தடப் பதிவுகள். இரண்டையும் நொடி பிசகாமல் பொருத்தி, ஒன்றை இடக்காதுக்கும் மற்றதை வலக்காதுக்கும் கொடுத்து, அந்த மேடையில் யாருமே செய்யாத ஸ்டீரியோ பதிவை 1999இல் உண்டாக்கினார்கள். ஒட்டுப்போட்டது எது, மேடையில் நடந்தது எது என்று பிரித்துக்கொடுத்த அந்த வெளியீட்டின் தயாரிப்பாளர் ஃபில் ஷாப்தான்.

அந்தத் தட்டில் இன்னொன்றும் தெளிவாகக் கேட்கிறது. 27 சுற்று முடிந்து கூட்டம் கட்டுக்கடங்காமல் போவதைப் பார்த்துக் கலங்கிய விழா அமைப்பாளர்கள், இத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். எலிங்டன் மிகுந்த மரியாதையோடு கூட்டத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, அடுத்த பாட்டுக்குப் போகிறார்.